பூரணையில் தெரியாத குழிகள்

நாங்கள் வன்னிக்குக் குடிபெயர்ந்த அன்று, என் கணவரின் தமையனார் லொறிக்காரனுக்கும் கேட்கும்படியாக ஒரு பகிடி விட்டார்.

"பிள்ளை, வன்னிக்குப் போறதும் சந்திரனுக்குப் போறதும் ஒண்டுதான். தண்ணியையும் கையோட கொண்டு போங்கோ."

வாசலில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அவர் சொன்னதோடு நிற்கவில்லை. தங்கள் கிணற்றிலிருந்து ஒரு தகரக் கலன் நிறையத் தண்ணீர் அள்ளி, மூடியை இறுக்கி, லொறியில் என் காலடியில் கொண்டுவந்து வைத்தார். நானும் சிரித்தேன். உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. அவரை நான் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். நல்ல மனிதர், வஞ்சகம் தெரியாதவர். ஆனால் தன் வளவைத் தாண்டி ஒருவர் நன்றாக இருக்க முடியும் என்று அவரால் நம்ப முடியாது.

கலியாணம் முடிந்த நாளிலிருந்து அவருடைய வீட்டுப் பின்னறையில்தான் நாங்கள் இருந்தோம். குசினிக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் நடுவில் ஒரு அறை. பாயை விரித்தால் கதவு திறபடாது. அந்த வீட்டில் யாரும் என்னை ஒரு சொல் கடிந்து சொன்னதில்லை. ஆனால் ஒரு முருங்கைக்காய் பறிப்பதென்றாலும் கேட்டுத்தான் பறிக்க வேண்டும். கேட்டால் தருவார்கள், இரண்டு கேட்டால் நாலு தருவார்கள். கேட்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் என் வயிற்றெரிச்சல். குடியேற்றத் திட்டத்தில் இவருக்குக் காணி கிடைத்த செய்தி வந்தபோது, அது எந்தக் காடு, அங்கே யானை வருமா, பாம்பு வருமா என்று நான் ஒன்றும் விசாரிக்கவில்லை. எங்கள் காணியா என்று மட்டும் கேட்டேன்.

"ஓம், எங்கட காணிதான்," என்றார்.

அது போதும் என்றேன். இவர் என்று நான் எழுதுவது என் கணவரை. பெயரை வாயால் சொல்லிப் பழகாதவள், கையாலும் எழுத வரவில்லை.

காணி ஸ்கந்தபுரத்துக்கு அப்பால் இருந்தது. வாய்க்காலை ஒட்டி வயல், அதற்கு மேலே வீடு கட்டவும் வாழை வைக்கவும் மேட்டுக்காணி. காட்டை வெட்டி எரித்து அரசாங்கத் திணைக்களம் கையளித்த நிலம். வாய்க்காலில் விதைப்புக் காலத்தில் மட்டும் தண்ணீர் ஓடும். குடிக்கிற தண்ணீருக்குத் திட்ட உத்தியோகத்தர்கள் இருக்கிற கந்தோரடிப் பொதுக்கிணற்றுக்குப் போக வேண்டும். இவர் சைக்கிளின் இரு பக்கமும் கலன் கட்டிக்கொண்டு விடியப் போவார். பகலில் தீர்ந்துவிட்டால் நான் குடத்தோடு நடப்பேன். கோடையில் அந்தக் கிணறும் கலங்கிவிடும். குடத்தைத் தெளியவைத்து, மேலாக வார்த்து, அடியில் நிற்கிற சேற்றைப் பார்க்கும்போதெல்லாம் பெரியத்தானுடைய பகிடி காதில் கேட்கும்.

அவரிடம் நாங்கள் ஒரு வாக்குக் கொடுத்திருந்தோம். ஒரு போகம் செய்து பார்ப்பது, அடுத்த கோடை முடியுமுன் சொந்தக் கிணறு வெட்டுவது, அது சரிவராவிட்டால் திரும்பி அவருடைய வீட்டுக்கே போவது. ஒரு கிணறு வெட்டத்தான் எங்களிடம் வலு இருந்தது. எங்கே வெட்டுவது என்பதில் பிழைத்தால் பின்னறைதான்.

இவருக்கு அந்தக் கவலையே இருக்கவில்லை. மேட்டுக்காணியின் மூலையில் வட்டமாக ஒரு பள்ளம் இருந்தது. ஆள் ஒருவர் இறங்கி நின்றால் தலை மட்டும் தெரியும். விளிம்பில் மண் மேடாகக் குவிந்திருந்தது. முதல் மழைக்கு அதில் தண்ணீர் நின்றது. இவர் அதன் கரையில் குந்தியிருந்து கண் கலங்கிவிட்டார்.

"பாரும், எங்கட ஊர்ப் பள்ளம் மாதிரியே இருக்கு. கீழ பாறை தாழ்ந்திருக்கு. அதுக்குக் கீழ தண்ணி ஓடுது."

எங்கள் ஊரில் பிறந்த எவருக்கும் வரக்கூடிய எண்ணம்தான். அங்கே நிலத்துக்கடியில் சுண்ணக்கல். உள்ளே தண்ணீர் அரித்து அரித்து, ஒரு நாள் மேல்தட்டு இடிந்து இறங்கிவிடும். அப்படி இறங்கிய பள்ளங்களில் வற்றாத தண்ணீர் நிற்கும். அடியே தெரியாத கிணறுகள் என்று அவற்றுக்குக் கதையும் உண்டு. வட்டப் பள்ளத்தைக் கண்டால் கீழே தண்ணீர் இருக்கிறது என்று எங்கள் கால்களுக்கே தெரியும். வன்னியின் மண் வேறு என்பது அப்போது எங்கள் இருவருக்கும் உறைக்கவில்லை.

பெரியத்தான் இடைக்கிடை எங்களைப் பார்க்க வருவார். வரும்போதெல்லாம் அந்தத் தகரக் கலனில் தங்கள் கிணற்றுத் தண்ணீரும், பேப்பரில் சுற்றிய, பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியலும் கொண்டுவருவார். "சந்திரனில இருக்கிற ஆக்களுக்கு," என்பார். தண்ணீரைக் குடிப்போம். கோபத்தில் கொட்டிவிட எனக்கு மனம் வராது, தண்ணீருடைய அருமை அப்படி.

தை முடிகிற நேரம் அவர் கொண்டுவந்த பேப்பரில்தான் அந்தப் படம் இருந்தது. சந்திரனில் மோதி நொறுங்குவதற்காகவே ஒரு விண்கலத்தை அனுப்பியிருந்தார்களாம், அது விழும்வரை எடுத்த படங்களாம். பின்னேரம் அரிக்கன் லாம்பைக் கொளுத்தி நடுவில் வைத்து, அவிழ்த்த பேப்பரை இருவரும் எதிரெதிரே இருந்து பார்த்தோம்.

"ஐயோ, முகம் முழுக்கக் குழியாக் கிடக்கு," என்றேன்.

"எங்க குழி? எல்லாம் கொப்புளம். கொப்புளிப்பான் வந்தவன்ர முதுகு மாதிரிக் கிடக்கு," என்றார் இவர்.

நான் குழி என்கிறேன், இவர் கொப்புளம் என்கிறார். புழுக்கொடியலைக் கடித்துக்கொண்டே சண்டை பிடித்தோம். எனக்குச் சந்தேகம் வந்து எழும்பி இவருடைய பக்கம் போய் நின்று பார்த்தேன். உண்மையிலேயே கொப்புளங்களாகத் தெரிந்தன. பேப்பரைத் திருப்பினேன், உடனே எல்லாம் குழிகளாகிவிட்டன. படத்தில் ஒன்றும் மாறவில்லை. நிழல் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்பதை வைத்துக் கண்தான் மேடு பள்ளத்தைத் தீர்மானிக்கிறது. அன்றிரவு சோறு வடிக்கும்போதும் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் பேப்பரைப் பறித்து அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டார்.

மறுநாள் வாய்க்கால் வேலைகளை மேற்பார்க்க வந்த ஓவசியர் அந்தப் படத்தைப் பார்த்தார். எங்களுக்குப் பக்கத்து அரசாங்கக் குவாட்டசில் தனியாக இருந்தவர், உலக விஷயம் எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பவர்.

"எல்லாம் எரிமலையின்ர வாய்," என்றார். "உள்ளுக்குள்ள கொதிச்சு, வெடிச்சு, அவிஞ்சு போனது."

பேப்பரில் எழுதியவர் அவ்வளவு நிச்சயமாக இருக்கவில்லை. எரிமலை என்று ஒரு சாராரும், ஆகாயத்திலிருந்து கற்கள் வந்து மோதியது என்று இன்னொரு சாராரும் வாதிடுவதாக எழுதியிருந்தார். இவர் இரண்டையும் ஏற்கவில்லை. சந்திரனிலும் நிலம் தாழ்ந்துதான் இருக்கிறது என்றார். எங்கள் மூலைப் பள்ளத்துக்குச் சாட்சி தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. படித்தவர்களே அடிபடுகிற விஷயத்தில் நாங்களும் ஒரு கட்சி என்று ஓவசியர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குழி எப்படி வந்தது என்று தெரியாமல் அதற்குள் கிணறு வெட்டப் போகிறோமே என்பதுதான் என் யோசனை.

மாசியில் நெல் முற்றி யானை இறங்கத் தொடங்கியது. வயலுக்கும் மேட்டுக்காணிக்கும் நடுவில் நின்ற பெரிய மரத்தில் இவர் காவல் பரண் கட்டினார். யானை காட்டுக்கரையில் நிற்கும்போதே காண வேண்டும் என்று ஓவசியர் தன் பைனாக்குலரை இரவல் கொடுத்தார். பொழுதுபடச் சாப்பாடு கொண்டுபோகிற நான், யானையைப் பார்ப்பதாகச் சொல்லி அதை வாங்கிச் சந்திரனைப் பார்த்தேன்.

அரைச் சந்திரன். அந்த நேரத்தில் அது தலைக்கு நேர் மேலே நிற்கும். பரணின் வெளித்தட்டில் மல்லாந்து படுத்து, முழங்கையைக் கிளையில் முட்டுக்கொடுத்தால்தான் கை நடுங்காது.

"ஆரும் கண்டால் என்ன நினைப்பினம்? எழும்பும்," என்று இவர் கீழேயிருந்து மன்றாடினார்.

"யானைதான் காணும். அது ஒருத்தருக்கும் சொல்லாது," என்றேன்.

வெளிச்சப் பாதியும் இருட்டுப் பாதியும் சந்திக்கிற கோட்டின் ஓரத்தில் குழிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் விளிம்பு இருந்தது, உள்ளே கரிய நிழல் இருந்தது. கோட்டிலிருந்து விலகி நல்ல வெளிச்சத்துக்குப் போனால் குழியே இல்லை, வெறும் வெள்ளை. அடுத்த நாள் கோடு நகர்ந்தது. முதல்நாள் பார்த்த குழிகள் மறைந்து புதிய குழிகள் வந்தன. மறைந்தவை எங்கே போயின என்று நாள் முழுக்க யோசித்தேன். மாடு கட்டும்போது என் நிழல் முற்றம் முழுக்க நீண்டு கிடந்ததைக் கண்டபிறகுதான் விளங்கியது. அந்தக் கோட்டில் இருப்பவர்களுக்கு அப்போதுதான் விடிகிறது. வெயில் சரிந்து விழுகிறது, அதனால் சின்ன மேடும் நிழல் விடுகிறது. வெயில் உச்சிக்கு ஏறினால் நிழல் இல்லை, குழியும் கண்ணுக்கு இல்லை.

பூரணையன்று ஆசையோடு ஏறிப் பார்த்தேன். ஒரு குழிகூடத் தெரியவில்லை. கீழ்ப்பக்கத்தில் ஒரு பொட்டிலிருந்து நாலு திசைக்கும் வெள்ளைக் கீறுகள் ஓடியிருந்தது மட்டும் தெரிந்தது, வாசலில் சிதறுதேங்காய் அடித்ததுபோல. அதைப் பார்த்த நிமிடம் நான் கல் மோதின கட்சிக்கு மாறிவிட்டேன். சேற்று வயலில் நடந்தவளுக்கு இதற்குப் படிப்பு வேண்டியதில்லை. அடியிலிருந்து குமிழ் வந்து வெடித்தால் ஒரு சின்ன வாய்தான் மிஞ்சும். மேலிருந்து மண்கட்டி விழுந்தால்தான் சேறு நாலு பக்கமும் தெறிக்கும். ஓவசியரிடம் இதைச் சொன்னபோது, "அப்ப சந்திரனில கறுப்பாத் தெரியிற அந்தச் சமவெளியெல்லாம் எப்பிடி வந்தது? அது உருகி ஓடின எரிமலைக் குழம்புதான்," என்று விடாமல் நின்றார். பிறகு மனிதர்கள் போய்க் கல் பொறுக்கிக்கொண்டு வந்தபோதுதான் தெரிந்தது, குழிகளில் நானும் சமவெளிகளில் அவரும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறோம். பெரிய மோதலில் உண்டான பள்ளங்களில் பின்னாளில் கீழிருந்து குழம்பு வந்து நிரம்பி உறைந்திருக்கிறது. அந்தச் செய்தி வந்த காலத்தில் ஓவசியர் மாற்றலாகிப் போயிருந்தார். இருந்திருந்தால் ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து ஒப்புக்கொண்டிருப்பேன்.

ஆனால் அந்த மாசியில் என் நெஞ்சில் தைத்தது வேறொன்று. சந்திரனில் சில குழிகளுக்கு விளிம்பு கூர்மையாக இருந்தது. சிலவற்றுக்கு விளிம்பு தேய்ந்து, மழுங்கி, பாதி தூர்ந்து கிடந்தது. தேய்ந்த வட்டத்தின் மேல் கூர்மையான குழி விழுந்திருந்த இடமும் இருந்தது. இதில் எது மூத்தது என்று கேட்டால் சின்னப்பிள்ளையும் சொல்லும். பரணிலிருந்து இறங்கி நேரே எங்கள் மூலைப் பள்ளத்துக்குப் போனேன். விளிம்பு கூர்மையாக நின்றது. ஊர்ப் பள்ளங்கள் எங்கள் பாட்டன் பூட்டனுக்கு முன்பே தாழ்ந்தவை, அவற்றின் கரைகள் மழுங்கிப்போயிருக்கும். விளிம்பில் இப்படி மண் குவிந்தும் இருக்காது. இறங்கிய நிலம் மண்ணை வெளியே எறியுமா?

"இது புதுக்குழி," என்று இவரிடம் சொன்னேன். "தாழ்ந்ததில்லை. என்னவோ ஒண்டு மண்ணை வெளியில எடுத்திருக்கு. இதுக்குள்ள வெட்ட வேண்டாம்."

"சந்திரனைப் பாத்து ஆரும் கிணறு வெட்டுறவையே?" என்று கேட்டார். பிறகு கோபம் வந்துவிட்டது. "நான் மண்ணுக்குள்ள வளந்தவன். நீர் பேப்பர் பாத்துக் கதைக்கிறீர்."

அறுவடை முடிந்ததும் இரண்டு கூலிக்காரர்களைப் பிடித்து வெட்டத் தொடங்கினார். தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன், கடகத்தில் மண்ணும் சுமந்தேன். கொஞ்ச ஆழத்திலேயே வேர் வந்தது. தொடைத் தடிப்பில், கரிந்த வேர்கள். அடுத்ததும் வேர். ஓவசியர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். காடு வெட்டின நாளில் பெரிய பாலைமரம் ஒன்றை இயந்திரம் கட்டி இழுத்து வேரோடு பிடுங்கிய இடமாம். அவர் கந்தோர் மட்டத்தில் கேள்விப்பட்டிருந்தாரே தவிர இடம் இதுதான் என்று அறியவில்லை. இவர் விடவில்லை. வேர்களை வெட்டி இன்னும் இறங்கினார். சித்திரை வெயிலில் அலவாங்குக் கம்பி கருங்கல்லில் முட்டி நெருப்புப் பறந்தது. ஈரம் என்று ஒரு பிடி மண்கூட இல்லை.

சொன்னது சரியாகிவிட்டதே என்று ஒரு துளி சந்தோஷமும் எனக்கு வரவில்லை. இவர் அந்தக் கரையில் தலையைக் குனிந்துகொண்டு இருந்த இருப்பைப் பார்க்கச் சகிக்காமல் வீட்டுக்குள் போய்விட்டேன். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

வைகாசியில் பெரியத்தான் கலனோடு வந்தார். குழியை எட்டிப் பார்த்தார். சந்திரனைப் பற்றி ஒரு பகிடியாவது விடுவார் என்று காத்திருந்தேன். விடவில்லை. அதுதான் என்னை உடைத்தது.

"ஆடி முடிய முந்தி லொறியோட வாறன், பிள்ளை," என்றார். "அறையைத் துப்பரவாக்கி வைக்கச் சொல்லியிருக்கிறன். வெள்ளையும் அடிப்பம்."

பாசத்தோடு சொன்னார். நான் மாட்டுப் பட்டிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். எனக்கு வெள்ளையடித்த அறை வேண்டாம். ஓட்டைக் குடிசையாக இருந்தாலும் நான் யாரையும் கேட்காமல் காய் பறிக்கிற இடம்தான் வேண்டும். அழுது முடித்தபோது எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. தண்ணீர் எங்கே இல்லை என்று சந்திரனைப் பார்த்துக் கண்டுபிடித்தவளுக்கு, எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஏலாதா?

அப்போதுதான் அந்த விடியற்கோடு நினைவுக்கு வந்தது. எங்கள் காணியை நான் எப்போது பார்த்திருக்கிறேன்? குடம் தூக்கிக்கொண்டு நட்ட நடு வெயிலில். அது பூரணைச் சந்திரனைப் பார்த்த மாதிரித்தான். காணிக்கு விடிகிற நேரம் நான் அடுப்படியில் இருந்திருக்கிறேன்.

மறுநாள் கருக்கலிலேயே பரணில் ஏறி இருந்தேன். கோடைக்குப் புல் கருகி, மாடு மேய்ந்து, நிலம் சவரம் செய்ததுபோல் கிடந்தது. சூரியன் காட்டுக்கு மேலே தலை காட்டிச் சரிந்த வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. மாட்டுக் குளம்படிகூட நிழல் விட்டது. எங்கள் மேட்டுக்காணியின் நடுவில், வாழை வைக்க நினைத்திருந்த இடத்தில், ஒரு பெரிய வட்டம் தெரிந்தது.

முழு வட்டமில்லை, வயற்பக்கம் உடைந்திருந்தது. மெல்லிய நிழல்தான். விளிம்பு முழங்கால் உயரமும் வராது, தேய்ந்து மழுங்கிப்போனது. உள்ளே மட்டமாகத் தூர்ந்திருந்தது. அரைச் சந்திரனில் கோட்டோரம் பார்த்த பழைய குழிகளின் அதே முகம். இறங்கி ஓடினேன். அங்கே போய் நின்றால் ஒன்றுமில்லை. வெறும் புல்லும் மண்ணும். நான் நிற்பது வட்டத்துக்கு உள்ளேயா வெளியேயா என்றுகூடத் தெரியவில்லை.

இவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அதற்குள் வெயில் ஏறிவிட்டது. இவர் பார்த்துவிட்டு, "ஒண்டும் இல்லையே," என்று சோர்ந்துபோய்ச் சொன்னார்.

"பின்னேரம் வரட்டும்," என்றேன். "அதுவரைக்கும் என்னை விசரி எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ."

பின்னேரம் வெயில் மறுபக்கமாகச் சரிந்தது. நான் பரணில். இவர் ஒரு கட்டுத் தடியோடு கீழே. "இன்னும் தள்ளி. வலக்கைப் பக்கம். அதிலதான், குத்துங்கோ." நான் கத்தக் கத்த இவர் ஒவ்வொரு தடியாக ஊன்றிக்கொண்டு போனார். முதலில் எனக்காகச் செய்கிறார் என்பது நடையிலேயே தெரிந்தது. பாதி வட்டம் வந்ததும் நின்று, தான் ஊன்றிய தடிகளைத் திரும்பிப் பார்த்தார். அவை வளைந்து வளைந்து ஒரே ஒழுங்கில் போயின. பிறகு நான் கத்துவதற்கு முன்பே இவருடைய கால் அடுத்த இடத்தைத் தேடியது. வயற்பக்க உடைவுக்கு வந்ததும் மண்ணில் குந்திவிட்டார்.

"இஞ்சாரும்," என்று கீழேயிருந்து கூப்பிட்டார். "இது குளக்கட்டு."

எப்போதோ யாரோ கட்டிய சின்னக் குளம். கட்டு உடைந்து, தூர்ந்து, மேலே காடு வளர்ந்து, அந்தக் காட்டையும் வெட்டி, கடைசியில் எங்களிடம் வந்திருக்கிறது. எங்களுக்கு முன்பே அங்கே ஆட்கள் இருந்திருக்கிறார்கள், நெல் விதைத்திருக்கிறார்கள், தண்ணீர் குடித்திருக்கிறார்கள். வெறுங்காடு என்று நினைத்து வந்த இடம் ஒரு காலத்தில் ஊராக இருந்தது. அன்று இவர் மாசிக்குப் பிறகு முதல் முறையாகச் சிரித்தார். பரணிலிருந்து இறங்கிவந்த என்னைப் பார்த்து, "சந்திரனில கிணறு வெட்டுவம், வாரும்," என்றார்.

கூலிக்கு ஆள் பிடிக்க வழியில்லை. இவர் வெட்டினார், நான் கடகம் சுமந்தேன், ஓவசியர் கந்தோர் முடிந்து வந்து காற்சட்டையை மடித்துக்கொண்டு கயிறு இழுத்தார். மேலே கருங்களி. அதற்குள் நத்தை ஓடுகளும், கறுத்த சட்டியோடுகளும் வந்தன. ஒரு பானை வாயின் துண்டை நான் கழுவி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். களி முடிந்ததும் மணல். மணல் முதலில் குளிர்ந்தது, பிறகு கையில் ஒட்டியது. ஓவசியருக்கு லீவான ஒரு நாள் காலை இவர் கீழே இறங்கியதும் பேச்சு மூச்சில்லை. பயந்துபோய் எட்டிப் பார்த்தேன். கணுக்கால் தண்ணீரில் அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.

"ஊறுது," என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் கிணற்றுக் கரையில் குந்தி ஏங்கி ஏங்கி அழுதேன். ஓவசியர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

ஆடி பிறந்து கொஞ்ச நாளில் லொறி வந்து நின்றது. பெரியத்தான் கலனோடு இறங்கினார். வெறும் லொறி, எங்கள் சாமான்களுக்காகப் பின்தட்டில் பழைய சாக்குகள் விரித்திருந்தார். பத்து அடி வந்தவர் நின்றுவிட்டார். நடுக்காணியில் துலா நின்றது, அதன் நுனியில் வாளி ஆடிக்கொண்டிருந்தது.

நேரே கிணற்றடிக்குப் போய் எட்டிப் பார்த்தார். நான் ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தேன். அண்ணாந்து குடித்தார், செம்பை நீட்டினார், இன்னொரு தரம் குடித்தார். அவர்கள் கிணறு கடலுக்குக் கிட்ட இருக்கிறது. கோடையில் லேசாக உவர்க்கும், அவர் அதைச் சொன்னதில்லை, நாங்களும் சொன்னதில்லை. எங்கள் தண்ணீரில் அந்த உவர்ப்பு இருக்கவில்லை.

"எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?" என்று தம்பியைக் கேட்டார்.

இவர் என்னைக் காட்டினார். "இவதான். சந்திரனைப் பாத்து."

பெரியத்தான் தன்னைப் பகிடி பண்ணுகிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும், ஆனால் சண்டைக்கு வரவில்லை. பிறகு தான் கொண்டுவந்த கலனைத் திறந்து, அதிலிருந்த தண்ணீரை என் முருங்கைக் கன்றின் அடியில் சிந்தாமல் மெதுவாக ஊற்றினார். வெறுங்கலனைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். அவர் அப்படித் தயங்கி நின்றதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"பிள்ளை," என்றார். "ஒரு கலன் தண்ணி எடுக்கட்டே? வீட்டில கொண்டுபோய்க் குடுக்க."

அந்த வீட்டில் நான் கேட்டு வாங்கிய ஒவ்வொரு முருங்கைக்காயும் அந்த நேரம் எனக்கு நினைவு வந்தது. வாளிக் கயிற்றை எடுத்து அவருடைய கையில் கொடுத்தேன்.

"இதுக்கெல்லாம் கேக்க வேணுமே, பெரியத்தான்? அள்ளுங்கோ," என்றேன்.